இரண்டாவது சுண்ணாம்பு

திருவனந்தபுரம்
9-6-2025

திரு. நெல்லையப்பன் அவர்களுக்கு,

நீங்கள் கடலில் துளைக்கும் காஸ் கிணற்றிலிருந்து அனுப்பிய பாறைத்தூள் பைகள் பன்னிரண்டும் விழிஞ்ஞத்தில் படகிலிருந்து இறங்கி, டிரைவர் விஜின் கையால் என் லாபுக்கு வந்து சேர்ந்தன. மூன்று பைகளில் ஆழம் எழுதிய மை மங்கிப்போயிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பதினெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவருக்கு அழியாத மையில் எழுதக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லையே என்று நான்தான் வெட்கப்பட வேண்டும்.

என் அறிக்கை கம்பெனிக்கு மெயிலில் போய்விட்டது. உங்களுக்குத் தனியாக எழுத வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. ஆனால் பைகளோடு ஒரு குறிப்பு வைத்திருந்தீர்கள். "இது முதல் சுண்ணாம்பு. நாம் தேடுவது இன்னும் நூறு மீட்டர் கீழே." அதற்கடியில் இரண்டு கோடு வேறு. கோடு போட்டால் பாறைக்கு வயது குறைந்துவிடுமா?

பாடம் மறந்திருக்கலாம், நினைவுபடுத்துகிறேன். அந்தக் கடலுக்கடியில் இரண்டு சுண்ணாம்புப் பாறைகள். முதலாவது மெலிசு, வயதில் சிறியது, ஒன்றுக்கும் உதவாதது. இரண்டாவது தடிமன், கிழடு. காஸ் இருந்தால் அதற்குள்தான். நடுவே நூறு மீட்டர் களிப்பாறை, உள்ளே அழுத்தம் அடைபட்டுக் கிடப்பது. களிப்பாறையைத் தாண்டி இரண்டாவது சுண்ணாம்பின் தலையைத் தொட்டதும் துளைப்பதை நிறுத்தி, இரும்புக் குழாயை இறக்கி, சிமெண்டால் கட்டிவிட வேண்டும். பார்வைக்கு இரண்டு சுண்ணாம்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் சொல்வது அதற்குள் கிடக்கும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள். ஒரு மணல் அளவுகூட இல்லாத அந்த ஓடுகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு.

2,845 மீட்டர் பையில் கிழட்டு ஓடுகள் வந்துவிட்டன. ஓரமெல்லாம் முள் வைத்தவை. நாலு கோடி வருடம் முன்பே பூண்டற்றுப் போன ஜாதி. ஆகவே நீங்கள் நிற்பது இரண்டாவது சுண்ணாம்பில். முதலாவது அந்த இடத்தில் படியவே இல்லை. அப்படி நடப்பதுண்டு.

ஆறு வருடம் முன்பு பக்கத்துக் கிணற்றில் முதல் சுண்ணாம்பை இரண்டாவது என்று அறிவித்து, அவசரமாகக் குழாயை இறக்க வைத்தீர்கள். களிப்பாறை இறுகித் துளைக்கம்பியைப் பிடித்துக்கொண்டது. கிணறே போயிற்று. யார் தப்பு என்று கம்பெனி கேட்டது, எழுதினேன். கணவர் என்பதற்காக ஒரு வரி குறைக்கவில்லை. அந்தப் பயம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை என்று தெரிகிறது. இப்போது இரண்டாவதின் மேலேயே நின்றுகொண்டு முதலாவது என்கிறீர்கள். உங்கள் பயத்துக்காகப் பாறை கீழே நகர்ந்து கொடுக்காது.

ராஜஸ்ரீ

-

கடலில்
12-6-2025

டாக்டர் ராஜஸ்ரீ அம்மையாருக்கு,

பாடத்துக்கு நன்றி. காரியவட்டத்தில் ஒரே வகுப்பில் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில், ஈரப்பாறையைக் கையில் எடுக்கக் கைக்குட்டை தேடியவர் நீங்கள். இன்று எனக்குப் பாறை சொல்லித் தருகிறீர்கள். கேட்டுக்கொண்டேன்.

மை மங்கவில்லை. அதே பேனாவில் எழுதிய நகல் பைகள் என் மேசையில் இருக்கின்றன. எனக்குப் பளிச்சென்று தெரிகிறது.

போனில் பேசியிருக்கலாம். ஐந்து வருடமாக என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மெயில் எழுதினால் மேனேஜர் பிரணவ் கண்ணில் படாமல் போகாது; அந்தப் பிள்ளைக்கு நம் சண்டையை வேடிக்கை காட்ட எனக்கு இஷ்டமில்லை. ஆகவே சாம்பிள் பெட்டிக்குள் காகிதம். படகு திங்களும் வியாழனும் வரும்.

பிரணவுக்குப் பாறை என்றால் கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் பட்டை, பச்சைப் பட்டை. உங்கள் அறிக்கையைப் பார்த்ததும் பச்சைப் பட்டை போட்டுவிட்டான். "குழாயை இறக்குங்கள்" என்று உத்தரவு. இந்நேரம் இறங்கியும் இருக்கும். நல்லகாலம், குழாயைத் தூக்கி இறக்கும் பெரிய மோட்டார் செவ்வாய்க்கிழமை எரிந்துபோயிற்று. புது மோட்டார் வந்து பொருத்தி, 19-ம் தேதி வியாழக்கிழமை காலை வேலை தொடங்கும். அதுவரை இந்தத் துளைக்கும் கப்பலில் இருக்கும் 93 பேருக்கும் எரிந்த மோட்டார்தான் குலதெய்வம்.

நீங்கள் சொல்லும் இடத்தில் குழாயைக் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருப்பதால் நானும் பாடம் எடுக்கிறேன். கீழே களிப்பாறை முழுதும் திறந்து கிடக்கும். அதை அடக்கக் கிணற்றுக்குள் ஓடும் சேற்றைக் கனமாக்க வேண்டும். கனமாக்கிக்கொண்டே போனால், அதற்கடியில் இருக்கும் உண்மையான இரண்டாவது சுண்ணாம்பு உடைந்து அத்தனை சேற்றையும் குடித்துவிடும். சேறு இறங்கினால் காஸ் ஏறும். ஏறுகிற காஸுக்கு நேர் மேலே எங்கள் சாப்பாட்டு ஹால் இருக்கிறது.

அதே ஆழத்துத் தூளில் பாதி என்னிடம் இருக்கிறது. மூன்று நாள் மைக்ராஸ்கோப்பில் கண் நட்டுப் பார்த்தேன். முள் ஓடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் இளசு. உங்கள் முள் ஓடுகள் என் கிணற்றிலிருந்து வரவில்லை, உங்கள் சல்லடையிலிருந்து வந்தவை. போன மாதம் குஜராத் கிணறு ஒன்றின் கிழட்டுப் பாறையைக் கழுவினீர்களாமே, விஜின் சொன்னான். அந்த மிச்சம்தான் இது. சல்லடையை ஒழுங்காகக் கழுவப் பழகுங்கள்.

பிரணவுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். "பழைய பர்சனல் ஹிஸ்டரி இருப்பதால் உங்கள் கருத்தை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள முடியும்" என்று பதில். அந்த ஹிஸ்டரியை எழுதியது நீங்கள். "அனுபவமுள்ள எவரும் செய்யாத பிழை." அறிக்கையில் அந்த ஒரு வரியைத்தான் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் படித்தார்கள். மூன்று வருடம் எனக்கு எந்தக் கிணற்றிலும் வேலை இல்லை. தம்பானூரில் என் அண்ணன் ஹோட்டலில் சாப்பாட்டு டோக்கன் கிழித்துக் கொடுத்தேன். உங்கள் கரமனைத் தெருக்காரர்கள் ரயில் பிடிக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

நெல்லையப்பன்

-

திருவனந்தபுரம்
14-6-2025

நெல்லையப்பனுக்கு,

"திரு"வை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

என் சல்லடையைப் பற்றி நீ பேசுகிறாயா? உன் வாழ்நாளில் ஒரு சல்லடையை இரண்டு நிமிடம் சேர்த்தாற்போல் கழுவியிருப்பாயா? காபி டம்ளரையே கவிழ்த்து வைக்காத ஆள்.

இருபத்தாறு வருடமாக என் லாபில் ஒரு பழக்கம். ஒவ்வொரு சாம்பிளையும் கழுவி முடித்ததும் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். வலைக்கண்ணில் பழைய ஓடு ஏதாவது சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த சாம்பிளோடு சேர்ந்து அது விழுந்தாலும் நிறமே காட்டிக் கொடுத்துவிடும்; நீலம் என்றால் பழைய பாக்கி, ஒதுக்கிவிடு. வேறு லாபுகளில் நாள் முடிந்தால்தான் முக்குவார்கள். இங்கே ஒவ்வொரு முறையும். சல்லடை கழுவும் கோமதியம்மாளின் விரல் நகமெல்லாம் நீலம். பத்து வருடத்தில் ஒரு நாள் அவள் தவறியதில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

அந்த முள் ஓடுகளில் நீலம் இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? எல்லாம் சுத்தமான சாம்பல் வெள்ளை. இத்தனைக்கும் இந்தப் புது மைக்ராஸ்கோப்பின் விளக்கு மட்டம், மஞ்சளாக எரிகிறது. விற்ற கம்பெனிக்காரன் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, விளக்கு சரியாகத்தான் இருக்கிறது என்கிறான். இந்தக் காலத்தில் யாருக்கும் தன் தப்பை ஒத்துக்கொள்ள வராது. உன்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வாய் வார்த்தை உனக்குப் போதாது என்று தெரியும். இத்துடன் ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறேன். 2,845 மீட்டர் பையில் நான் பொறுக்கிய முள் ஓடுகள் பதினேழும் அதில் ஒட்டியிருக்கின்றன. உன் சொந்தக் கண்ணால் பார். பார்த்துவிட்டு, ஆண்பிள்ளையாக இருந்தால், பிரணவிடம் நீயே போய்ச் சொல்: "மறுபடியும் தப்பு செய்தேன், இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக."

ஹோட்டலைப் பற்றி எழுதியிருந்தாய். நீ டோக்கன் கிழித்ததற்கு நான் வந்து பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டிருக்க வேண்டுமோ? அந்தக் கிணற்றில் துளைக்கம்பி அறுந்தபோது ஒரு ஆளின் கை போயிற்று. அவரைப் பார்க்க நீ எத்தனை தடவை போனாய்?

ராஜஸ்ரீ

-

கடலில்
16-6-2025

ராஜஸ்ரீ,

ஸ்லைடு வந்தது. பார்த்தேன்.

பதினேழும் நீலம்.

இன்னொரு முறை படித்துக்கொள். நீலச் சாயல், நீலப் புள்ளி என்றெல்லாம் இல்லை. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி, கறுப்பு அட்டையின் மேல் பதினேழு நீல ஓடுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அழகாக ஒட்டியிருக்கிறாய். ஒன்றுகூடச் சாயவில்லை.

என் கண்ணை நான் நம்பவில்லை. துளைக்கும் ஷிஃப்டில் இருக்கும் அபினைக் கூப்பிட்டேன். அவனுக்கு இந்த விவகாரம் ஒன்றும் தெரியாது. "இது என்ன கலர்?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "நீலயாணு சாரே, எந்தா சம்சயம்?" என்றான். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

பொய் சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். ஆறு வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. டீ குடித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். உன் வரியையே எடுத்து, "அனுபவமுள்ள எவரும் செய்யாத பிழை" என்று பிரணவுக்கு அனுப்பத் தட்டச்சும் செய்துவிட்டேன்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. நீ சோம்பேறி இல்லை. பொய் சொல்கிறவளும் இல்லை. உன்னிடம் எனக்குப் பிடிக்காதவை ஏராளம், ஆனால் அந்த இரண்டும் அதில் இல்லை. நீலத்தைப் பார்த்துவிட்டு நீலமில்லை என்று எழுத உனக்கு வராது. அப்படியானால் நீ அதைப் பார்க்கவே இல்லை. மூன்று பைகளில் மை மங்கியது என்றாயே, அந்த மூன்றில்தான் நான் நீலப் பேனாவால் எழுதியிருந்தேன். மற்றதெல்லாம் கறுப்பு. மைக்ராஸ்கோப் விளக்கு மஞ்சள் என்கிறாய். மஞ்சள் விளக்கில் இல்லை ராஜி, உன் கண்ணில் இருக்கிறது. உன் அப்பாவுக்கு ஐம்பத்தைந்தில் கண்புரை வந்ததே, கடைசியில் பச்சை பஸ்ஸுக்கும் நீல பஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றாரே, அதேதான்.

இரக்கப்பட்டு இதை எழுதவில்லை. உன்மேல் எனக்கு இரக்கம் வராது. பிரணவுக்கு அடித்த மெயிலை அனுப்பவில்லை. அதையும் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. அனுப்பினால் அவன் சிரிப்பான். "முன்னாள் மனைவிக்குக் கண் தெரியவில்லை என்று முன்னாள் கணவர் எழுதுகிறார்." குழாய் வியாழக்கிழமை இறங்கத்தான் செய்யும். அந்த அறிக்கையை வாபஸ் வாங்க ஒரே ஒரு ஆளால் முடியும். ஆறு வருடமாக உன் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு அப்படி. என் செலவில் வந்த மதிப்பு.

அபினின் போனிலிருந்து உன்னைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். காகிதம் என்றால் குற்றம் கண்டுபிடிக்கவாவது கடைசி வரி வரை படிப்பாய்.

படகு கிளம்புகிறது. ஸ்லைடைத் திருப்பி வைத்திருக்கிறேன். வேறு யாரிடமாவது காட்டு. வியாழன் காலை எட்டு மணிக்குக் குழாய் இறங்கத் தொடங்கும்.

நெல்லையப்பன்

-

திருவனந்தபுரம்
18-6-2025

நெல்லையப்பன்,

உன் கடிதம் நேற்றுக் காலை பத்தரைக்கு வந்தது. முதலில் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். என்னை மடக்க இப்படி ஒரு கதை கட்டுவாய் என்றால் நம்புகிற அளவுக்கு எனக்கு உன்மேல் அபிப்பிராயம் உண்டு.

கோமதியம்மாளைக் கூப்பிட்டு ஸ்லைடைக் காட்டினேன். "இதில் என்ன நிறம் தெரிகிறது?"

"நீலம் மேடம்."

"எத்தனை?"

"அம்புட்டும் நீலம்லா."

மேசையில் பொறுக்கக் கிடந்த மீதித் தட்டையும் நகர்த்தினேன். நகத்தால் தொட்டுக் காட்டினாள். "இது நீலம், இது வெள்ளை, இது நீலம்."

"எத்தனை நாளாகத் தெரியும்? ஏன் சொல்லவில்லை?"

"நான் என்னத்தக் கண்டேன் மேடம்? போன வருஷத்துக்கு முன்னாடியெல்லாம் நீலத்த ஒதுக்கிப் போடுவிய. அப்புறம் அதையும் சேத்துல்லா எடுத்து ஒட்டுதிய. ஏதோ சட்டம் மாறிட்டுன்னு நெனச்சேன். படிச்சவங்க செஞ்சா அதுல காரணம் இருக்கும்லா."

பத்து வருடமாக என் பக்கத்தில் நிற்கிறவள். அவள் சல்லடையைக் கழுவினாள், சாயத்தில் முக்கினாள், சாயம் தன் வேலையைச் செய்தது. சுற்றியிருந்த எல்லாம் சரியாக நடந்தது. நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து குஜராத்துப் பாறையைக் கேரளக் கடலுக்கடியில் பொறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்குக் கம்பெனிக்கு மெயில் போயிற்று. "2,845 மீட்டர் பற்றிய என் அறிக்கை தவறு. குழாயை இறக்கக் கூடாது. காரணம் என் பார்வைக் குறைபாடு. கடந்த பதினான்கு மாதத்தில் நான் கையெழுத்திட்ட எல்லா அறிக்கைகளும் மறுபடி பார்க்கப்பட வேண்டும்." மற்ற நாலு கம்பெனிகளுக்கும் அதையே அனுப்பினேன். அனுப்புகிற பட்டனை அழுத்துவதற்கு முன் மூன்று தடவை திரும்பப் படித்தேன். உனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும், ஆகவே எழுதுகிறேன்.

பத்தே நிமிடத்தில் பிரணவ் போன் செய்தான். "மேடம், கண் அது இதுன்னு எழுத வேண்டாமே. இன்ஸ்ட்ருமென்ட் இஷ்யூன்னு போட்டுடலாம். மேலிடத்துக்கு அதுதான் ஈஸி." என் கண்ணும் இன்ஸ்ட்ருமென்ட்தான், பழுதாகிவிட்டது, அப்படியே போட்டுக்கொள் என்றேன். இவனையெல்லாம் நம்பி நீங்கள் கடலில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்று காலை கண் டாக்டரிடம் போனேன். ஷெமி என்று சின்னப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "இது எத்ர நாளாயி சேச்சீ?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு கண்ணிலும் புரை, பழுப்பேறிக் கிடக்கிறதாம். சிறுகச் சிறுக வருவதால் ஆளுக்கே தெரியாதாம். முப்பதாம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

இப்போது உன் விஷயம். நீ செய்தது தப்பு. திங்கட்கிழமை மத்தியானமே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த நிமிடமே கம்பெனிக்கும், கரையில் இருக்கிற பாதுகாப்பு ஆபீஸருக்கும், கேட்கிறானோ இல்லையோ, எழுதியிருக்க வேண்டும். நம்ப மாட்டார்கள் என்பது எழுதாமல் இருக்கக் காரணமாகாது. 93 பேர் இருக்கிற இடம். விஜினின் வண்டி வழியில் நின்றிருந்தால்? நான் காய்ச்சலில் படுத்திருந்தால்? கடிதத்தைப் பிரிக்காமலே போட்டிருந்தால்? உன்னைப் பற்றி எழுதினபோது நான் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை. அதை நீ கொடுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது வேலை.

சல்லடையைப் பற்றி எழுதியதில் நீ சொன்னது பாதி சரி. "கழுவப் பழகுங்கள்" என்ற பாதி தப்பு. கோமதியம்மாளுக்கு அது போய்ச் சேர வேண்டாம்.

ராஜஸ்ரீ

-

கடலில்
26-6-2025

ராஜஸ்ரீ,

குழாய் நின்றது. சென்ற வியாழன் காலை ஏழு மணிக்கு, முதல் குழாயைத் தூக்கி நிறுத்திய பிறகு, உத்தரவு வந்தது. ஒரு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. உன் மெயில் செவ்வாய்க்கிழமை போயும் பிரணவ் இரண்டு நாள் அதற்கு நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

மேற்கொண்டு துளைத்தோம். 2,872-ல் சுண்ணாம்பு முடிந்தது. களிப்பாறை ஆரம்பித்தது, நான் சொன்ன அதே களிப்பாறை. சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனமாக்கிக்கொண்டே இறங்கினோம். இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 2,958-ல் இரண்டாவது சுண்ணாம்பின் தலை. முள் ஓடுகள் வந்தன, ஒன்பது. வெள்ளையாக இருந்தன. வெட்கத்தை விட்டு அபினை மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். "இது வெள்ள சாரே, அன்னத்தேது நீல" என்றான்; அன்றைக்குப் பார்த்ததுதான் நீலமாம். இப்போது இந்தக் கப்பல் முழுக்க எனக்கு நிறம் தெரியாது என்று பேச்சு.

நேற்றுக் குழாய் இறங்கிச் சிமெண்ட் கட்டியாயிற்று. இன்று மத்தியானம் பிரணவ் எல்லோரையும் திரையில் கூப்பிட்டு, "டீம் எஃபர்ட்" என்று பேசினான். பதினொரு பெயர் சொன்னான். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து விடுபட்டது இதுதான் முதல் தடவை.

நீ திட்டியது சரி. திங்கட்கிழமையே கரைக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பிரணவ் நம்ப மாட்டான் என்று உனக்கு எழுதினேன். அது பாதிதான். நீயே உன் கையால் வாபஸ் வாங்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது. அதற்காக 93 பேரை வைத்து விளையாடியிருக்கிறேன். கை போன அந்த ஆளைப் பார்க்க எத்தனை தடவை போனேன் என்று கேட்டாய். ஒரு தடவை. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினேன். அதையும் எழுதி வைத்துக்கொள்.

இனி நான் ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் சொல்.

புரை சிறுகச் சிறுக வரும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். போன வருஷத்துக்கு முன்னால் நீலத்தை ஒதுக்கினாய் என்று கோமதியம்மாள் சொல்கிறாள். அவள் எல்லாத் தட்டையும் பார்த்திருக்க மாட்டாள். ஆறு வருடம் முன்பு என் கிணற்றுக்கு நீ படித்த ஓடுகள் என்ன நிறம்? முதல் சுண்ணாம்பு என்று நீ அடித்துச் சொன்னாயே, அந்த இளம் ஓடுகள் உண்மையிலேயே என் கிணற்றில் வந்தவைதானா, அல்லது வேறு எவன் கிணற்றிலிருந்தோ உன் சல்லடையில் தங்கியவையா? களிப்பாறை வேறு காரணத்துக்கும் இறுகியிருக்கலாம். அப்போது யாரும் என்னைப் பேசவே விடவில்லை.

பதில் எப்படி வந்தாலும் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை. வேலை போனது போனதுதான், வீடு போனது போனதுதான். ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும். ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் நான் தப்பு செய்தவன் என்றே எழுந்திருக்கிறேன். அது தேவைதானா என்று தெரிந்தால் போதும்.

நெல்லையப்பன்

-

திருவனந்தபுரம்
4-7-2025

நெல்லையப்பன்,

ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்ததும் ஆஸ்பத்திரிச் சுவர் நீலமாக இருந்தது. எப்போது பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டேன். நர்ஸ் சிரித்தாள்.

கம்பெனி என் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. "உங்கள் நீண்டகாலப் பங்களிப்பை மதிக்கிறோம்" என்று பிரணவ் எழுதியிருக்கிறான். மற்ற நாலில் இரண்டு கம்பெனி பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் எல்லா ஸ்லைடுகளையும் மறுபடி பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார், இலவசமாக. பார்த்துத் தருவேன். வருத்தப்பட்டு நீ எதுவும் எழுத வேண்டாம். உனக்கு அது சரியாக எழுத வராது.

நீ கேட்டது நியாயமான கேள்வி. உன்னிடமிருந்து வந்தது என்பதால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஒரு மாதத்துக்கு மைக்ராஸ்கோப் பக்கமே போகக் கூடாது என்று ஷெமி சொல்லியிருக்கிறாள். நேற்றுக் காலை கோமதியம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். உன் கிணற்றின் ஸ்லைடுகள் முப்பத்தொன்றும் அப்படியே இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு ஓடுகள். வலது கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் பார்த்ததைக் கோமதியம்மாளும் பார்த்தாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை. ஆனால் பாதி முடிவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சாரோட கிணறா மேடம்?" என்று கேட்டாள். ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்துக் கொடுக்கும்போது முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

நீலம் இல்லை. ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு நீ நின்றது முதல் சுண்ணாம்பில்தான். நீ தப்பு, நான் எழுதியது சரி. களிப்பாறை வேறு எந்தக் காரணத்துக்காகவும் இறுகவில்லை. நீ முன்னால் நிறுத்தியதால் இறுகியது. இதை உனக்கு இரண்டாவது முறையாக எழுத வேண்டியிருக்கிறது. முதல் தடவை எழுதினபோது ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்கவில்லை.

"அனுபவமுள்ள எவரும் செய்யாத பிழை" என்ற வரி மட்டும் வேண்டாதது. செய்வார்கள், நானே செய்துவிட்டேன். அந்த வரி பாறையைப் பற்றி எழுதியது இல்லை, வீட்டில் இருந்த கோபம். என்னிடம் இருக்கும் நகலில் அதை அடித்துவிட்டேன். உலகத்தில் இருக்கும் மற்ற நகல்களில் அது அப்படியே இருக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்றாவது நீலமாக இருந்துவிடாதா என்று இருந்தது. இருந்திருந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வழி கிடைத்திருக்கும். அதனால் முப்பத்தொரு ஸ்லைடையும் முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க உட்கார்ந்தபோது கோமதியம்மாள் ஷெமிக்குப் போன் செய்துவிட்டாள்.

ராஜஸ்ரீ